வலது தோள் பொட்டு

தனலட்சுமி இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது, ஒரு கழுத்துப் படம் முடிய இன்னும் பதினோரு நிமிடம் பாக்கி இருந்தது. கதிரியக்கப் படம் எடுக்கும் காமா கேமராவின் ஈயக் கூம்புக்குக் கீழே ஓர் அம்மா அசையாமல் படுத்திருந்தார். போனில் தனலட்சுமியின் கணவர். சூரமங்கலம் ரயில்வே குடியிருப்பிலிருந்து பேசினார். "தலை வலிக்குதுன்னு உக்காந்தா டாக்டர், அப்படியே சாஞ்சுட்டா" என்று சொல்லிவிட்டு, அதற்கு மேல் பேச முடியாமல் போனைத் தம்பியிடம் கொடுத்துவிட்டார். இதோ வருகிறேன் என்றேன். ஆனால் எழுந்திருக்கவில்லை. பாதிப் படத்தில் நோயாளியை எழுப்பி அனுப்பிவிட்டா என் சாவுக்கு வந்தீர்கள் என்று கேட்கக்கூடியவர் தனலட்சுமி. பதினோரு நிமிடமும் உட்கார்ந்திருந்தேன். படம் முடிந்தது, நன்றாகவும் வந்திருந்தது. அந்த அம்மாவிடம் எழுந்து கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு, வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அவரை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் துறையில் சேலத்திலும் நாமக்கல்லிலும் அவரை அறியாதவர்கள் குறைவு. இறந்தவரைப் பற்றி எழுதும்போது எல்லோரிடமும் அன்பாகப் பழகியவர், கோபமே அறியாதவர் என்றெல்லாம் எழுதுவது வழக்கம். தனலட்சுமியைப் பற்றி அப்படி எழுதினால் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட அத்தனை பேரும் சிரிப்பீர்கள். அவருக்குக் கோபம் மூக்கு நுனியில் இருந்தது. நோயாளியிடம் ஒருநாளும் காட்டியதில்லை. எங்களிடம் ஒருநாளும் மறைத்ததில்லை. பதினெட்டு வருடம் ஒரே அறையில் வேலை செய்தோம். நான் மருத்துவர், அவர் படம் எடுக்கும் டெக்னாலஜிஸ்ட். என்னைவிட மூன்று வயது மூத்தவர், இராசிபுரத்து நெசவுக் குடும்பம். என்னை அவர் 'டாக்டர்' என்றுதான் கூப்பிடுவார். அந்த ஒரு சொல்லை மரியாதையாகவும் சொல்வார், திட்டாகவும் சொல்வார்.

அன்று அவர் வீட்டு வாசலில் இரண்டு பேச்சுகள் காதில் விழுந்தன. முதலாவது, கதிர்வீச்சு மிஷினிலேயே இத்தனை வருடம் நின்றதால்தான் உடம்பு உள்ளுக்குள் அரித்துப்போய்விட்டது என்பது. துக்கத்துக்கு வந்திருந்த நான்கைந்து பெண்கள் அதைச் சொல்லிச் சொல்லி உறுதிப்படுத்திக் கொண்டிருந்தார்கள். இல்லவே இல்லை. நாங்கள் எல்லோரும் நெஞ்சில் கதிர்வீச்சை அளக்கும் ஒரு பேட்ஜ் குத்திக்கொண்டு வேலை செய்கிறோம். எவ்வளவு கதிர்வீச்சு வாங்கியிருக்கிறோம் என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதைக் கணக்குப் பார்த்து அனுப்புவார்கள். அவருடைய அளவு எப்போதும் என் அளவைவிடக் குறைவு. அதைச் சுவரில் ஒட்டிவைத்து, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டுவார். அவரைக் கொன்றது ரத்தக் கொதிப்பு. மாத்திரையை ஒருநாள் போட்டு மூன்று நாள் மறப்பவர். நான் திட்டினால், தலை வலித்தால்தானே மாத்திரை என்பார். ஊருக்கெல்லாம் ஒழுங்கு சொன்னவர், இந்த ஒன்றில் முட்டாள்தனம் பண்ணிவிட்டார். இதை அவர் முகத்துக்கு நேரேயே பலமுறை சொல்லியிருக்கிறேன், இப்போதும் சொல்கிறேன்.

இரண்டாவது பேச்சுதான் என்னை இதை எழுத வைத்தது. எங்கள் மருத்துவமனையிலிருந்தே வந்திருந்த ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாகச் சொன்னார்: "ஒரு லாரிக்காரர் கழுத்துல பக்கம் மாத்திக் குறி வெச்சு, தப்பா அறுக்க வெச்சாங்களே, அது இந்தம்மாதான்." அவர் சொன்னது என் காதில் மட்டும் விழவில்லை. எனக்கு இரண்டடி தள்ளி அந்த லாரிக்காரரே நின்றிருந்தார். செங்கோடன். சங்ககிரியிலிருந்து மாலையோடு வந்திருந்தார். சட்டைக் காலருக்கு மேலே கழுத்தில் இரண்டு தழும்புகள், இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. அவர் அந்த ஆளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக என்னிடம் வந்தார்.

"ஏனுங்க டாக்டர், அந்தப் பழி இந்தம்மா பேருலயாங்க இருக்குது? நீங்க மாத்தி எழுதலீங்களா?"

மாலையைப் போட்டுவிட்டு, கும்பிட்டுவிட்டு, என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார். அவர் கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

எங்கள் வேலை தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் நான்கு சின்னச் சுரப்பிகள் உண்டு. பாராதைராய்டு என்று பெயர். ஒவ்வொன்றும் ஓர் அரிசியளவுதான் இருக்கும். அதில் ஒன்று வீங்கித் துவரம்பருப்பு அளவுக்கு ஆனாலே போதும், எலும்பிலிருக்கும் சுண்ணாம்புச் சத்தையெல்லாம் இழுத்து ரத்தத்தில் விட்டுவிடும். எலும்பு வலிக்கும், சிறுநீரகத்தில் கல் திரும்பத் திரும்ப வரும், மனுசனுக்கு ஏன் வாழ்கிறோம் என்று இருக்கும். அந்தப் பருப்பைக் கண்டுபிடித்து எடுத்துவிட்டால் சரியாகிவிடும். கண்டுபிடிப்பதுதான் பாடு. கையில் ஒரு சிறு கதிரியக்க மருந்தை ஊசியாகப் போடுகிறோம். இரண்டு மணி நேரத்தில் தைராய்டிலிருந்து மருந்து வடிந்துவிடும், வீங்கிய சுரப்பியில் மட்டும் தங்கும். அந்த மினுக்கலைக் கேமரா பிடிக்க வேண்டும். கேமராவின் முகப்பில் வழக்கமான ஈயத் தட்டை மாட்டி எடுத்தால் ஐந்து நிமிடத்தில் ஒரு படம் வரும். கழுத்து முழுக்க ஒரே மங்கல், பருப்பும் தெரியாது, பானையும் தெரியாது.

அதற்குத்தான் ஈயக் கூம்பு. அதன் நுனியில் ஒரு சிறு துளை. அந்தத் துளை வழியாகப் பார்க்கும்போது சின்ன உறுப்பு பெரிதாகவும் தெளிவாகவும் தெரியும். ஆனால் துளை சிறியது, வரும் கதிர் குறைவு, அதனால் நேரம் பிடிக்கும். இருபது நிமிடம் அசையக் கூடாது. கனமான தட்டைக் கழற்றிக் கூம்பை மாட்டுவதற்கே தனியாக நேரம் வேண்டும். பல இடங்களில் கூம்பு மூலையில் துணி போர்த்திக் கிடக்கும். எங்கள் நிர்வாகத்துக்கும் அதுதான் ஆசை. அந்த நேரத்தில் மூன்று பேருக்கு எலும்புப் படம் எடுக்கலாமே என்பார்கள். தனலட்சுமி காதிலேயே வாங்கமாட்டார். "பெருசா இருக்கறதை எவன் வேணாலும் பாப்பானுங்க. சின்னதைப் பாக்கறதுக்குத்தான் நம்மளை வெச்சிருக்காங்க" என்பார். தட்டைக் கழற்றும் சத்தத்தை வேண்டுமென்றே பெரிதாக எழுப்புவார்.

துளை வழியாக வரும் படத்துக்கு ஒரு குணம் உண்டு. தலைகீழாகவும் இடம் வலம் மாறியும் விழும். அதனால் எது வலது, எது இடது என்று படத்திலேயே ஓர் அடையாளம் இருந்தாக வேண்டும். தனலட்சுமி அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். ஊசியின் பிளாஸ்டிக் மூடிக்குள் பஞ்சு வைத்து, அதில் அதே மருந்தை ஒரு சொட்டு விட்டு, பிளாஸ்திரி போட்டு மூடிவிடுவார். அதை நோயாளியின் வலது தோளில் ஒட்டுவார். படத்தில் அது ஒரு கறுப்புப் புள்ளியாகத் தெரியும். அதற்குப் பொட்டு என்று பெயர் வைத்திருந்தார். பொட்டு எப்போதும் வலது தோளில்தான். இத்தனை வருடத்தில் ஒருநாளும் மாறியதில்லை. அது இல்லாத படத்தை என் மேஜைக்கே அனுப்பமாட்டார்.

அவருடைய பொறுமையைப் பற்றி ஒன்றைச் சொல்ல வேண்டும். தம்மம்பட்டி பக்கமிருந்து பிறந்து இருபது நாளான ஒரு பெண் குழந்தையைக் கொண்டுவந்தார்கள். ரத்தத்தில் தைராய்டுச் சுரப்பு இல்லை. சுரப்பியே இல்லையா, அல்லது கழுத்துக்கு இறங்காமல் நாக்கின் அடியிலேயே தங்கிவிட்டதா என்று பார்க்க வேண்டும். இருந்தாலும் மிளகளவுதான் இருக்கும். குழந்தை வீரிட்டு அழுகிறது. மயக்க மருந்து கொடுக்கலாம் என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தார். தாயையும் குழந்தையையும் உள்ளறைக்குக் கூட்டிப்போய்ப் பாலூட்டச் சொன்னார். கதவைச் சாத்தினார். முக்கால் மணி நேரம் மிஷின் சும்மா நின்றது. நிர்வாகத்திலிருந்து ஆள் மேல் ஆள் வந்து கேட்டார்கள். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, "வயிறு நெறைஞ்சு தூங்கற சாமியை எழுப்பறவங்க யாரோ, அவங்களே படத்தையும் எடுத்துக்குங்க" என்றார். யாரும் உள்ளே போகவில்லை. தூங்கிய குழந்தையைத் துணியில் சுற்றிக் கூம்புக்குக் கீழே படுக்கவைத்தார், அந்தச் சிறு தோளுக்கும் ஒரு பொட்டு. நாக்கின் அடியில் மிளகு தெளிவாகத் தெரிந்தது. அந்தப் பெண் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள்.

பெரியவர்களுக்கும் அவர் அப்படித்தான். கழுத்துப் படத்தில் பெரிய எதிரி எச்சில். ஒருமுறை முழுங்கினால் சுரப்பி மேலே ஏறி இறங்கும், படம் கலங்கிவிடும். அதனால் நோயாளியின் தலைமாட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்வார். "சாமி, நான் தோளைத் தட்டுனா மட்டும் முழுங்குங்க. அதுவரைக்கும் எம்பேச்சைக் கேட்டுட்டுப் படுத்திருங்க" என்பார். தட்டும் நேரத்துக்குப் படத்தை நிறுத்திவைத்து, முழுங்கி முடித்ததும் தொடருவார். இடைப்பட்ட நேரத்தில் அவரவர் ஊர், மழை, மருமகள், பவர்லூம், கோழிப்பண்ணை என்று ஏதாவது பேசிக்கொண்டிருப்பார். நோயாளி பதில் பேசக் கூடாது. இருபது நிமிடம் எதிர்ப்பேச்சு இல்லாமல் பேசும் வாய்ப்பு வேறு எந்த வேலையில் கிடைக்கும் என்று நான் கிண்டல் செய்வேன். வீட்டில்கூடக் கிடைக்கவில்லை டாக்டர் என்று சிரிப்பார்.

செங்கோடன் எங்களிடம் வந்தது இப்படித்தான். சொந்த லாரி, தானே ஓட்டுநர். சிறுநீரகக் கல்லுக்கு மூன்று தடவை வைத்தியம் பார்த்தாகிவிட்டது. கியர் போட்டால் தோள் எலும்பு வலிக்கிறது, இறங்கினால் முட்டி வலிக்கிறது. வீட்டில் வண்டியை விற்றுவிடலாம் என்று பேச்சு. வண்டியை விற்றால் நான் யார் என்று எனக்கே தெரியாது என்றார், அப்படியேதான் சொன்னார். தனலட்சுமி அவரைப் படுக்கவைத்தார், வலது தோளில் பொட்டு வைத்தார், தலைமாட்டில் உட்கார்ந்தார். அந்த மனிதர் இருபது நிமிடமும் இம்மியும் அசையவில்லை. தோளைத் தட்டியும்கூட முதல் தடவை முழுங்கவில்லை. தட்டிட்டேன் சாமி, முழுங்கலாம் என்று சொன்ன பிறகுதான் முழுங்கினார். படம் அவ்வளவு சுத்தமாக வந்தது. கழுத்தின் வலது பக்கம், கீழே, துவரம்பருப்பு.

இப்போது என் பிழையைச் சொல்கிறேன். யாரும் வற்புறுத்தாமல் சொல்கிறேன்.

அந்த வருடம் எங்களுக்குப் புதுக் கணினி வந்திருந்தது. பழைய கணினியில் கூம்புப் படம் தலைகீழாகத்தான் வரும், நான் கையால் திருப்பிப் போடுவேன். புதியது தானே திருப்பிவிடும். இதற்காகவே திரையின் ஓரத்தில் தனலட்சுமி தன் கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தார்: 'படம் நேராகவே வரும். திருப்ப வேண்டாம். பொட்டைப் பார்க்கவும்.' நான் என்ன செய்தேன்? கோயம்புத்தூரில் ஒரு கூட்டத்தில் பேசவேண்டி இருந்தது. செங்கோடன் படம் அழகாக இருக்கிறதே, அதை அங்கே காட்டலாம் என்று எடுத்தேன். தோளில் இருந்த கறுப்புப் பொட்டு படத்தின் அழகைக் கெடுப்பதாகத் தோன்றியது. ஓரத்தை வெட்டினேன். பொட்டு போயிற்று. பழைய பழக்கத்தில் படத்தைத் திருப்பினேன். மறுநாள் அறிக்கை எழுதும்போது மூலப் படத்தைத் திறக்கச் சோம்பல்பட்டு, கூட்டத்துக்கு வைத்திருந்த அந்த அழகான படத்தைப் பார்த்தே எழுதினேன். வலது கீழே இருந்த சுரப்பி என் அறிக்கையில் இடது மேலே போய் உட்கார்ந்தது. கையெழுத்தும் போட்டேன். இவ்வளவுதான். அறிவு குறைவாக இருந்ததால் நடந்த பிழை என்றால்கூட ஆறுதல் இருக்கும். பகட்டால் நடந்த பிழை.

அறுவை மருத்துவர் என் அறிக்கையை நம்பி இடது பக்கம் சின்னதாகத் திறந்தார். அங்கே இருந்தது ஒரு நல்ல சுரப்பி. சுற்றித் தேடி, ஒன்றும் கிடைக்காமல் மூடினார். ஒரு வாரம் கழித்தும் ரத்தத்தில் சுண்ணாம்பு இறங்கவில்லை. அவர் போன் செய்து, உங்கள் படத்தில் இருந்தது எங்கே போயிற்று என்று கேட்டபோது தனலட்சுமி அறையில்தான் இருந்தார். நான் போனை வைக்கும் முன்பே மூலப் படத்தைத் திறந்துவிட்டார். என் அறிக்கையில் ஒட்டியிருந்த படத்தையும் பக்கத்தில் வைத்தார். இரண்டையும் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"பொட்டு எங்கீங்க டாக்டர்?"

குரலை உயர்த்தவில்லை. அவர் கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

நிர்வாக அதிகாரி அன்று மதியமே எங்களைக் கூப்பிட்டார். அவரிடம் வழி தயாராக இருந்தது. நோயாளி படத்தின்போது அசைந்துவிட்டார், அதனால் படம் நம்பத்தக்கதல்ல, மறுபடி எடுக்க வேண்டும் என்று ஒரு திருத்த அறிக்கை எழுதிவிடலாம். யாருக்கும் பாதகமில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். சம்மதம் என்று சொல்லவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. தனலட்சுமி எழுந்து நின்றார்.

"அந்த மனுசன் எச்சி முழுங்கறதுக்குக்கூட என் உத்தரவுக்குக் காத்துட்டுப் படுத்திருந்தாருங்க. அவர் அசைஞ்சாருன்னு எழுதுனீங்கன்னா, நான் நேரா வார்டுக்கே போய் அவருகிட்டச் சொல்லிட்டு வாரேன்."

உங்கள் வேலையைப் பற்றி யோசித்தீர்களா என்று அதிகாரி கேட்டார். அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்றார் இவர். வெளியே வந்ததும் என்னிடம் ஒன்று மட்டும் கேட்டார். நீங்கள் சொல்கிறீர்களா, நான் சொல்லட்டுமா? சாயங்காலம் வரை நேரம் கொடுத்தார்.

நான் போனேன். பெரிய வீரம் என்று யாரும் நினைக்க வேண்டாம். போகாவிட்டால் அவர் போய்விடுவார் என்ற பயத்தில்தான் போனேன். செங்கோடனும் அவர் மனைவியும் வார்டில் இருந்தார்கள். படத்தில் இருந்தது சரி, அதைப் பார்த்து எழுதியதில் நான் பக்கம் மாற்றிவிட்டேன், தவறு என்னுடையது என்று சொன்னேன். அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டு அழுதார். செங்கோடன் கழுத்துக் கட்டைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு, "வண்டில லெஃப்ட்டு ரைட்டு மாறுனா என்னாகும்னு எனக்குத் தெரியுமுங்க. நீங்க படிச்சவங்க, உங்களுக்குத் தெரியாதுங்களா?" என்றார். "மறுபடி படம் எடுக்கறதுன்னா அந்தம்மாவே எடுக்கட்டும். நீங்களும் பக்கத்துல நில்லுங்க" என்றார். அப்படியே செய்தோம். படம் முடிந்து எழுந்தவர், தோளிலிருந்த பொட்டைக் காட்டி, இது இங்கேதான் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள் என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். இரண்டாவது அறுவையில் பருப்பு வெளியே வந்தது. அவர் இன்றும் அதே வண்டியை ஓட்டுகிறார்.

கதை இங்கேயே முடிந்திருந்தால் நானும் ஒரு நல்லவன் என்று எழுதிக்கொள்ளலாம். முடியவில்லை. இரண்டு வாரம் கழித்து விசாரணைக் குறிப்பு என்று ஒரு தாள் வந்தது. 'டெக்னாலஜிஸ்ட் குறியீட்டை இடம் மாற்றி வைத்ததால் நேர்ந்த பிழை' என்று அதில் எழுதியிருந்தது. மருத்துவர் பிழை என்றால் மருத்துவமனையின் பெயர் கெடும், டெக்னாலஜிஸ்ட் பிழை என்றால் ஆளை இடம் மாற்றினால் போதும், ஒரு கையெழுத்துதான் டாக்டர் என்றார்கள். எனக்கு அப்போது இரண்டு சின்னப் பிள்ளைகள், போக வேறு இடமில்லை என்று எனக்கு நானே ஏதேதோ சொல்லிக்கொண்டேன். கையெழுத்துப் போட்டேன். வேலைக்கு வந்த நாளிலிருந்து பொட்டை ஒருநாளும் இடம் மாற்றி வைக்காத பெண்மேல், பொட்டை இடம் மாற்றி வைத்தார் என்ற தாளில் கையெழுத்துப் போட்டவன் நான்.

தனலட்சுமியைக் கீழ்த்தளத்து எக்ஸ்ரே பிரிவுக்கு மாற்றினார்கள். போகும்போது அந்தத் தாளின் நகலை என் மேஜையில் வைத்தார். "கையெழுத்து அழகா இருக்குதுங்க டாக்டர்" என்றார். அவர் சொன்னதிலேயே என்னால் மறக்க முடியாத வாக்கியம் அது.

அவருக்குப் பதிலாக வந்தவர் கூம்பைத் தொடவில்லை. கூம்புக்குத் துணி போர்த்தியாயிற்று. மூன்று மாதம் மங்கல் படங்களைப் பார்த்து மங்கலாக அறிக்கை எழுதினேன். ஒருநாள் குமாரபாளையத்து நெசவாளி ஒருவரின் படம் வந்தது, ஒன்றும் தெரியவில்லை. எதையோ எழுதப் பேனாவை எடுத்தேன். அறிக்கைத் தாளைத் தள்ளிவைத்தேன். கூம்பு போட்டு, தனலட்சுமி எடுத்த படம் இல்லாமல் இனி எந்தக் கழுத்துக்கும் கையெழுத்துப் போடமாட்டேன் என்று எழுதி நிர்வாகத்துக்கு அனுப்பினேன். இரண்டு நாள் மிரட்டினார்கள், மூன்றாவது நாள் அவரை மேலே அனுப்பினார்கள். உள்ளே வந்தவர் கூம்பின் துணியை உருவிக் கீழே போட்டார். "மூணு மாசமாச்சுங்களா ரோசம் வர?" என்று கேட்டுவிட்டு, பஞ்சை எடுத்துப் பொட்டு தயாரிக்க உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு எங்களுக்குள் பழையபடி சண்டையும் டீயும் தொடர்ந்தன.

ஆனால் அந்தத் தாள் கோப்பில் அப்படியே இருந்தது. அவர் அதை ஒரே ஒருமுறைதான் கேட்டார், போன வருடம். "அது இன்னும் அங்கதான் இருக்குதுங்களா?" என்றார். எது என்று நான் கேட்கவில்லை. பார்க்கலாம் என்றேன். அவர் தலையாட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அந்தப் 'பார்க்கலாம்' என்ற சொல்லை நான் இனி யாரிடமும் சொல்லமாட்டேன்.

துக்கம் விசாரித்துத் திரும்பியதும் முதல் வேலையாகக் கடிதம் கொடுத்தேன். குறிப்பைத் திருத்துங்கள், பிழை என்னுடையது என்று. மூடிய கோப்பு, ஆளே போய்விட்டார், இப்போது எதற்குக் கிளறுகிறீர்கள் என்று பதில் வந்தது. வெளியே எங்கும் எழுத வேண்டாம் என்றும் சொன்னார்கள். எழுதுகிறேன். செங்கோடனிடம் போனில் கேட்டேன், உங்கள் பெயரைப் போடலாமா என்று. "தாராளமாப் போடுங்க. என் கழுத்துல ரெண்டு பக்கமும் எழுதியிருக்குதே, எவனாச்சும் வந்து படிச்சுப் பாக்கட்டும்" என்றார். என்னை வேலையைவிட்டு அனுப்பினால் அனுப்பட்டும். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். வளராவிட்டாலும் எழுதியிருக்க வேண்டும் என்பதைத்தான் இத்தனை வருடம் கழித்துக் கற்றிருக்கிறேன்.

இன்னும் ஒன்று. இரங்கல் கூட்டத்துக்கு முன்தினம் மருத்துவமனை வாசலில் கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ் கட்டினார்கள். ஆளுயரத்தில் தனலட்சுமி. எல்லோரும் அதன் முன்னால் நின்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள். எனக்கு மட்டும் ஏதோ உறுத்தியது. சேலை முந்தானை வலது தோளில் கிடந்தது. இடது கன்னத்து மச்சம் வலது கன்னத்தில் இருந்தது. முகம் எழுத்துகள் இருக்கும் பக்கம் பார்த்தால் எடுப்பாக இருக்கும் என்று கடைக்காரர் படத்தைத் திருப்பிவிட்டிருக்கிறார். அதே காரணம். அழகு. நான் அங்கேயே நின்று வாய்விட்டுச் சிரித்தேன், பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. காவலாளி தடுக்கத் தடுக்கக் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டிக் கடைக்கு எடுத்துப்போனேன். கடைக்காரர் நல்ல மனிதர், ஆனால் புரியவில்லை.

"போனவங்க படத்துல இடது வலது யாருங்க சார் பாக்கப்போறாங்க?"

"நான் பார்ப்பேன்" என்றேன். புதிதாக அடித்துக் கொடுக்கும்வரை கடையை விட்டு நகரவில்லை. கூட்டத்தன்று முந்தானை இடது தோளில் இருந்தது, மச்சம் இருக்கவேண்டிய கன்னத்தில் இருந்தது. பேசச் சொல்லி மைக்கைக் கொடுத்தபோது, மேலே நீங்கள் படித்ததையெல்லாம் அந்தப் படத்துக்கு முன்னால் நின்று சொன்னேன். நடுவில் மைக்கை நிறுத்தினார்கள். தொண்டை இருக்கிறதே, அதை வைத்து முடித்தேன்.

அவருடைய மேஜையை ஒழித்தபோது அவர் கடைசியாகச் செய்த பொட்டு கிடைத்தது. ஊசி மூடி, பஞ்சு, பிளாஸ்திரி. அதிலிருந்த மருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகிக்கொண்டே வரும். என் கைக்கு வந்தபோது அதில் ஒன்றும் மிச்சமில்லை, எந்தக் கேமராவிலும் இனி அது தெரியாது. அதை எடுத்து என் திரையின் ஓரத்தில், அவர் எழுதிய சீட்டுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். நான் வைத்துக்கொண்டது அது ஒன்றுதான். ஒவ்வொரு படத்துக்கும் கையெழுத்துப் போடும் முன் அவர் கேட்கிறார், பொட்டு எங்கே என்று. பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் பேனாவை எடுக்கிறேன்.

வலது தோளில் இருக்கிறது, தனலட்சுமி. நீங்கள் வைத்த இடத்திலேயே இருந்தது. மாற்றியவன் நான்.